காலடியால் மலையை அளந்த ஆசிரியர்
(பண்டிட் நைன் சிங் ராவத்தின் வாழ்க்கை)



நாம எல்லாரும் தினமும் பள்ளிக்கு நடந்துதான் வருகிறோம். ஆனால் வீட்டிலிருந்து பள்ளி வரைக்கும் எத்தனை காலடி என்று யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா? நான் போன வாரம் எண்ணிப் பார்த்தேன். நூறு காலடிக்கு ஒரு புளியங்கொட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே வந்தேன். முதல் நாள் 2,310 வந்தது. இரண்டாம் நாள் 2,274 வந்தது. மூன்றாம் நாள் பாதி வழியில் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டாங்க, எண்ணிக்கை மறந்தே போச்சு. ஒரு மைல் தூரத்திற்கே எனக்கு இந்த நிலைமை. ஒருவர் ஆயிரம் மைலுக்கு மேல், அதுவும் உலகத்திலேயே உயரமான மலைகளில், பனியிலும் குளிரிலும், ஒவ்வொரு காலடியையும் எண்ணிக்கொண்டே நடந்தார். அவர் பெயர் நைன் சிங் ராவத். அவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பிறப்பும் இளமையும்

நைன் சிங் 1830-ஆம் ஆண்டு இமயமலையில் குமாவுன் பகுதியில் உள்ள மிலம் என்ற ஊரில் பிறந்தார். இது இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில் ஜோஹார் பள்ளத்தாக்கில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரம். ஊருக்குப் பக்கத்திலேயே பெரிய பனியாறு ஒன்று உண்டு. பனியாறு என்றால் நம்ம ஊர் ஆறு போல ஓடாது. பல ஆண்டுகளாக விழுந்த பனி இறுகிக் கட்டியாகி, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மெதுவாகக் கீழே நகரும். மிலம் பனியாறு உருகித்தான் கோரி கங்கை என்ற ஆறு பிறக்கிறது.

அந்த ஊர் மக்கள் குளிர்காலம் வந்தால் ஊரையே காலி செய்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவார்கள். கோடையில் மறுபடி ஏறுவார்கள். கணவாய்களைக் கடந்து திபெத்துக்குப் போய் வியாபாரம் செய்வதுதான் அப்போது அவர்கள் தொழிலாக இருந்தது. இங்கிருந்து தானியம் போகும், அங்கிருந்து உப்பும் கம்பளியும் வரும். அப்பாவோடு போய்ப் போய் நைன் சிங் திபெத்திய மொழியையும் அந்த மக்களின் பழக்க வழக்கங்களையும் கற்றுக்கொண்டார். இது பிற்காலத்தில் அவர் உயிரையே காப்பாற்றியது.

1855 முதல் 1857 வரை ஜெர்மனியைச் சேர்ந்த ஷ்லாகின்ட்வைட் சகோதரர்கள் இமயமலைப் பகுதியில் ஆராய்ச்சி செய்தார்கள். அவர்களோடு நைன் சிங் போனார். அளக்கும் கருவிகளை அங்கேதான் முதலில் கையில் எடுத்தார். பிறகு ஊருக்குத் திரும்பி மிலத்தில் இருந்த அரசுப் பள்ளியில் ஆசிரியரானார். அந்தக் காலத்தில் அங்கே ஆசிரியரைப் பண்டிட் என்றுதான் அழைப்பார்கள். அந்தப் பெயரே கடைசி வரைக்கும் அவருக்கு நிலைத்துவிட்டது.

வரைபடத்தில் ஒரு வெற்றிடம்

நம் நாட்டை அளக்கும் பெரிய வேலை 1802-ல் சென்னையில் பரங்கிமலைக்குப் பக்கத்தில்தான் தொடங்கியது. லாம்டன் என்பவர் அங்கே முதல் கோட்டை அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டே இமயமலை வரைக்கும் போய்விட்டார்கள். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் திபெத் இருந்தது. வெளிநாட்டார் உள்ளே வரக்கூடாது என்று அங்கே தடை. அதனால் வரைபடத்தில் அந்த இடம் பெரும்பாலும் வெற்றிடமாகவே இருந்தது. லாசா நகரம் சரியாக எங்கே இருக்கிறது என்பதே தெரியாது!

அப்போது மாண்ட்கோமரி என்ற ஆங்கிலேய அதிகாரிக்கு ஒரு யோசனை வந்தது. வெள்ளைக்காரர் போனால் எல்லையிலேயே பிடித்துவிடுவார்கள். மலைவாசி ஒருவர் வியாபாரி போலவோ யாத்திரை போகிறவர் போலவோ போனால் விட்டுவிடுவார்கள் அல்லவா? 1863-ல் நைன் சிங்கையும் அவருடைய உறவினர் மணி சிங்கையும் தேர்ந்தெடுத்து டேராடூனுக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். சம்பளம் மாதம் 20 ரூபாய்.

ஜெபமாலைக்குள் இருந்த இரகசியம்

அந்தப் பயிற்சியைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஏற்றமானாலும் இறக்கமானாலும் சமதரையானாலும் ஒரே அளவாகக் காலடி வைக்கப் பழகினார்கள். ஒரு காலடி இரண்டரை அடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். 2,000 காலடி ஒரு மைல்.

பௌத்தர்களின் ஜெபமாலையில் 108 மணி இருக்கும். நைன் சிங்கின் மாலையில் 100 மணிதான்! நூறு காலடி நடந்தால் ஒரு மணியைத் தள்ளுவார். மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 காலடி, அதாவது ஐந்து மைல். பார்க்கிறவர்கள் சாமி கும்பிடுகிறார் என்று நினைப்பார்கள். கையில் சுற்றும் ஜெபச் சக்கரத்துக்குள் மந்திரம் எழுதிய தாள் இருக்க வேண்டும். அவர் சக்கரத்தில் இருந்ததோ தூரம், திசை எல்லாம் குறித்து வைத்த தாள். யாராவது பேச்சுக் கொடுக்க வந்தால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு ஜெபம் செய்வது போல இருப்பார். ஜெபம் செய்கிறவரை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். எண்ணிக்கையும் தவறாது.

கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவி பெட்டியின் இரட்டை அடிப்பாகத்தில் மறைந்திருந்தது. பாதரசத்தைச் சோழிகளுக்குள் ஊற்றி அடைத்திருந்தார்கள். இரவில் அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றினால் கண்ணாடி மாதிரி மட்டமாக நிற்கும். அதில் தெரியும் நட்சத்திரத்தை வைத்து அந்த இடத்தின் அட்சரேகையைக் கண்டுபிடிப்பார்.

உயரத்தை எப்படி அளந்தார் தெரியுமா? தண்ணீர் கொதிக்க வைத்துத்தான்! மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அதனால் 100 டிகிரிக்கு முன்பே தண்ணீர் கொதித்துவிடும். சுமார் 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்று எங்க அறிவியல் டீச்சர் சொன்னாங்க. கைத்தடிக்குள் ஒளித்து வைத்த வெப்பமானியைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பார்த்து, எவ்வளவு உயரம் என்று கணக்குப் போட்டுவிடுவார்.

லாசா பயணம்

1865 ஜனவரியில் இருவரும் டேராடூனிலிருந்து புறப்பட்டு நேபாளம் வழியாகப் போனார்கள். எல்லையில் தடை வந்தது. மணி சிங் திரும்பிவிட்டார். நைன் சிங் மட்டும் விடவில்லை. லடாக் வியாபாரி போல உடை மாற்றி, பின்னல் சடை வைத்துக்கொண்டு மறுபடி முயன்று உள்ளே போய்விட்டார். செப்டம்பரில் சாங்போ ஆற்றின் பக்கம் உள்ள ட்ராடும் என்ற இடத்தை அடைந்தார். இந்த சாங்போதான் நம் நாட்டுக்குள் பிரம்மபுத்திரா என்ற பெயரில் வருகிறது. அங்கே லாசாவுக்குப் போகும் ஒரு வியாபாரக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்.

வழியில் ஷிகாட்சே நகரில் கையில் இருந்த பணம் குறைந்தது. என்ன செய்தார் தெரியுமா? நேபாள வியாபாரிகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து அதில் கிடைத்ததை வைத்துச் சமாளித்தார். ஆசிரியர் எங்கே போனாலும் ஆசிரியர்தான்!

அங்கே உள்ள மடத்தில் பஞ்சன் லாமாவைப் பார்க்க எல்லாரோடும் போக வேண்டியிருந்தது. அந்த லாமா அப்போது சிறுவர். மனசில் உள்ளதை எல்லாம் அறிந்துவிடுவார் என்று சொல்லிக்கொள்வார்களாம். தன் வேஷம் தெரிந்துவிடுமோ என்று நைன் சிங் பயந்தார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

பிறகு ஞான்சே என்ற ஊரைத் தாண்டி, ஏறக்குறைய 5,000 மீட்டர் உயரத்தில் பனியாறுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் கரோ லா கணவாயைக் கடந்தார். அவ்வளவு உயரத்தில் மூச்சு வாங்கும், தலை வலிக்கும், பத்து அடி நடந்தாலே நிற்கத் தோன்றும். அந்த நிலையிலும் அவர் எண்ணிக்கையை விடவில்லை.

1866 ஜனவரி 10-ஆம் நாள் லாசாவை அடைந்தார். மூன்று மாதத்திற்கும் மேல் அங்கே இருந்தார். ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் நட்சத்திரங்களை அளந்தார். காஷ்மீர் வியாபாரிகள் இரண்டு பேர் அவர் வேஷத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் காட்டிக் கொடுக்கவில்லை. கடிகாரத்தை அடகாக வாங்கிக்கொண்டு பணமும் கொடுத்தார்கள். ஒரு நாள், அனுமதி இல்லாமல் லாசாவுக்கு வந்த சீனர் ஒருவருக்கு எல்லார் முன்னாலும் மரண தண்டனை கொடுத்ததை நைன் சிங் தன் கண்ணால் பார்த்தார். அதற்குப் பிறகு தங்கும் இடத்தை மாற்றிக்கொண்டு வெளியே வருவதையே குறைத்துவிட்டார். ஆனாலும் அளப்பதை நிறுத்தவில்லை.

ஏப்ரலில் புறப்பட்டு, சாங்போ ஆற்றோடு மேற்கே நடந்து, ஜூனில் மானசரோவரை அடைந்து, 1866 அக்டோபரில் டேராடூன் திரும்பினார். நடந்தது சுமார் 1,200 மைல். எண்ணியது ஏறக்குறைய 25 இலட்சம் காலடி. அவர் கண்டுபிடித்த லாசாவின் அட்சரேகை இன்றைய அளவோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது.

தங்கச் சுரங்கமும் ஆட்டு மந்தையும்

1867-ல் மானா கணவாய் வழியாக மேற்குத் திபெத்தில் உள்ள தோக் ஜாலுங் தங்கச் சுரங்கத்திற்குப் போனார். அது 16,000 அடிக்கு மேல் உள்ள இடம். காற்றுக்குப் பயந்து தரையைத் தோண்டி, பள்ளத்துக்குள் கூடாரம் போட்டிருப்பார்களாம். குளிர் தாங்காமல் முழங்காலை மடக்கிக் குப்புறக் குந்தியபடி, இருக்கிற துணியை எல்லாம் முதுகில் போட்டுக்கொண்டு தூங்குவார்களாம். ஆனாலும் குளிர்காலத்தில்தான் அங்கே கூட்டம் அதிகம். ஏனென்றால் அப்போது மண் உறைந்திருக்கும், சரிந்து விழாது.

கடைசிப் பெரிய பயணம் 1874-75. லடாக்கில் உள்ள லே நகரிலிருந்து 26 ஆடுகளின் மேல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு லாமா வேஷத்தில் புறப்பட்டார். ஆடுகள் சுமையும் தூக்கும், போகிற வழியில் புல்லும் மேய்ந்துகொள்ளும். மரமே இல்லாத உயரமான சாங்தாங் சமவெளி முழுவதும் நடந்து நவம்பரில் லாசா வந்தார். தெரிந்த ஒருவர் அடையாளம் கண்டுகொண்டதால் இரண்டே நாளில் கிளம்ப வேண்டியதாயிற்று. தவாங்கில் பல வாரம் தடுத்து வைத்தார்கள். 1875 மார்ச் 1-ஆம் நாள் அசாமில் உள்ள உதல்குரிக்கு வந்து சேர்ந்தார். அதற்குள் உடம்பும் கண்ணும் மிகவும் கெட்டுப்போய்விட்டது. அதற்குப் பிறகு பெரிய பயணம் எதுவும் போகவில்லை. மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். திரும்பவும் ஆசிரியர் வேலைதான்.

கிடைத்த பெருமை

முதல் பயணத்தைப் பற்றி லண்டனில் பேசியபோது அவர் பெயரைச் சொல்லவில்லை. பண்டிட் என்று மட்டும்தான் சொன்னார்கள். பெயர் தெரிந்தால் அடுத்த பயணத்தில் ஆபத்து வரும் என்பதுதான் காரணம். 1877-ல் லண்டன் ராயல் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். அரசும் ஒரு கிராமத்தை மானியமாகக் கொடுத்தது. 2004-ல் இந்திய அஞ்சல் துறை அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது.

என் மனதில் வந்த கேள்வி

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. திபெத் மக்கள் அவரை பக்தர் என்று நம்பித்தானே இடம் கொடுத்தார்கள்? ஜெபமாலையை வைத்து ஏமாற்றியது சரியா? 1903-ன் இறுதியில் ஆங்கிலேயப் படை திபெத்துக்குள் நுழைந்தது. பல திபெத்தியர்கள் இறந்தார்கள். ஞான்சேயிலிருந்து லாசாவுக்கு அந்தப் படை போனதும் கரோ லா வழியாகத்தான். நைன் சிங் காலடி எண்ணிக்கொண்டு போன அதே வழி.

வகுப்பில் இதைக் கேட்டேன். சிலர் அவர் செய்தது தப்பு என்றார்கள். சிலர் அவர் அரசு சொன்ன வேலையைத்தானே செய்தார் என்றார்கள். டீச்சர் எந்தப் பக்கமும் சொல்லவில்லை, யோசிக்கச் சொன்னாங்க. யோசித்ததில் எனக்குத் தோன்றியது இதுதான். வரைபடத்தை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதை நாம் மறைக்கக் கூடாது. அதே நேரத்தில் அவர் நேர்மையையும் மறக்கக் கூடாது. அந்த மலையில் அவரைச் சரிபார்க்க ஒரு மேலதிகாரியும் கூட இல்லை. சோர்ந்துபோன ஒரு நாளில் குத்துமதிப்பாக ஓர் எண்ணை எழுதியிருந்தால் யாருக்குத் தெரியும்? அப்படி அவர் செய்யவில்லை. வீட்டுப்பாடத்தில் விடையைப் பார்த்துவிட்டு வழியை எழுதும் நமக்கு (நானும்தான்!) இது புரிய வேண்டும்.

நாளைக்கு மறுபடியும் புளியங்கொட்டையோடு வருவேன். வழியில் யாரும் என்னைக் கூப்பிடாதீங்க!

கணக்குப் பிரியர்களுக்கு: 25 இலட்சம் காலடிக்கு நைன் சிங் தன் மாலையை எத்தனை முறை சுற்றியிருப்பார்? விடையைச் சுவர் இதழுக்குக் கீழே உள்ள பெட்டியில் எழுதிப் போடவும்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி