கப்பலுக்கு அடியில் துத்தநாகம்: ஹம்ப்ரி டேவி ஜெயித்தும் தோற்ற கதை

காரை சர்வீஸுக்கு விட்டால் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: அண்டர்பாடி கோட்டிங் அடிக்கலாமா? வண்டியின் அடிப்பகுதி துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கிற கருப்புப் பூச்சு அது. வேணுமா, வேண்டாமா என்று நம்மில் பலருக்கும் குழப்பம்தான். ஆனால் அந்தப் பூச்சுக்கும் உள்ளே, இன்றைய பல கார்களின் இரும்புத் தகட்டில் ஏற்கெனவே ஒரு காவல் இருக்கிறது. துத்தநாக முலாம். இரும்பு அரிக்கப்பட வேண்டிய இடத்தில், அதற்குப் பதிலாகத் துத்தநாகம் தன்னை அரிக்கக் கொடுத்துக்கொள்ளும்.

ஒரு உலோகத்தைக் காப்பாற்ற இன்னொரு உலோகத்தைப் பலி கொடுக்கிற இந்த யோசனையை முதன்முதலில் திட்டமிட்டு ஒரு வாகனத்தின் அடியில் பொருத்திப் பார்த்தவர் ஹம்ப்ரி டேவி. வாகனம்னா கார் இல்லை, அப்போ கார் ஏது? பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள். சோதனை சொன்னபடி வேலை செய்தது. அதனாலேயே அவர் அவமானப்பட வேண்டியதாயிற்று.

யார் இந்த டேவி?

1778 டிசம்பர் 17 அன்று, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள பென்சான்ஸ் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். அப்பா மரச் சிற்ப வேலை செய்தவர். 1794இல் கடனை வைத்துவிட்டு இறந்துபோனார். மூத்த பிள்ளையான டேவி உள்ளூர் வைத்தியர் ஒருவரிடம் தொழில் பழகப் போனார். அங்கேதான் வேதியியல் பித்து பிடித்தது. கல்லூரிப் பக்கமே போகாதவர் என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பது வயதில் பிரிஸ்டல் நகரத்துக்குப் போய், சிரிப்பூட்டும் வாயுவைத் தானே இழுத்து இழுத்துச் சோதித்தார். 1801இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சேர்ந்தார். அவருடைய அறிவியல் உரைகளைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது. இன்றைய பாஷையில் சொன்னால் செலிபிரிட்டி. 1807இல் மின்சாரத்தைக் கொண்டு பொட்டாசியம், சோடியம் இரண்டையும் பிரித்தெடுத்தார். மறு வருஷமே கால்சியம், மெக்னீசியம், பேரியம், ஸ்ட்ரான்ஷியம். 1812இல் சர் பட்டம். 1815இல் சுரங்கத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விளக்கு. அதற்குக் காப்புரிமைகூட அவர் வாங்கவில்லை. 1820இல் ராயல் சொசைட்டியின் தலைவர். இந்த உச்சியில் இருக்கும்போதுதான் கடற்படையின் பிரச்சினை அவரிடம் வந்தது.

செம்புத் தகட்டுத் தலைவலி

அன்றைய கப்பல்கள் மரத்தால் ஆனவை. கடலில் கப்பல் புழு என்ற ஒன்று மரத்தைத் துளைத்துச் சல்லடையாக்கிவிடும். அதனால் பிரிட்டிஷ் கடற்படை 1761இல் அலார்ம் என்ற கப்பலின் அடிப்பகுதியில் செம்புத் தகடு அடித்துப் பார்த்தது. புழு தொல்லை போனது. ஆனால் சில வருஷத்தில் பார்த்தால், செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் உதிர்ந்துபோயிருந்தன. ஏன் என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. ஆணியை மாற்றிச் சமாளித்தார்கள். 1780களில் கடற்படை முழுக்கச் செம்புத் தகடுதான்.

செம்பையும் உப்புத் தண்ணீர் விட்டுவைக்காது, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். தகட்டை மாற்றி மாற்றி அடித்துச் செலவு எகிறியது. கடற்படை 1823இல் ராயல் சொசைட்டியிடம் வழி கேட்டது.

டேவிக்கு இதில் ஒரு பிடி இருந்தது. வேதியியல் ஈர்ப்பு என்பதே மின்சார சமாச்சாரம்தான் என்று 1806லேயே அவர் வாதிட்டிருந்தார். செம்பு கரைவது அதன் மின் நிலையால்தான் என்றால், அந்த நிலையைக் கொஞ்சம் மாற்றினால் கரையாதே? வேறுவேறு உலோகங்கள் இரண்டு ஒன்றையொன்று தொட்டபடி உப்புத் தண்ணீரில் கிடந்தால், எலக்ட்ரானை எளிதாக விட்டுக்கொடுக்கிற உலோகம் அரிக்கப்படும், மற்றது தப்பிக்கும் என்று இன்று நாம் சொல்கிறோம். (எலக்ட்ரான் என்ற பேரே அப்போது கிடையாது; அது இல்லாமலேயே மனுஷன் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டார்.) அலார்ம் கப்பலின் ஆணிகள் செத்தது இதே காரணத்தால்தான். அங்கே தெரியாமல் நடந்த பலியை டேவி தெரிந்தே செய்தார். செம்போடு துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்தார்.

எவ்வளவு கொஞ்சம் போதும் என்பதுதான் ஆச்சரியம். பட்டாணி அளவு துத்தநாகம், நாற்பது ஐம்பது சதுர அங்குலச் செம்பைக் காப்பாற்றியது. செம்பின் பரப்பில் 40இல் ஒரு பங்கு முதல் 150இல் ஒரு பங்கு வரை காவல் உலோகம் இருந்தால் அரிப்பே இல்லை. விலை மலிவு என்பதால் கப்பல்களுக்கு வார்ப்பிரும்பைச் சிபாரிசு செய்தார். முதல் ஆய்வுக் கட்டுரை 1824 ஜனவரியில் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. சோதனைகளில் உதவியவர்களில் மைக்கேல் ஃபாரடேவும் ஒருவர். அதே மாதம்தான் ஃபாரடே அந்தச் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வானார், குருவான டேவியின் எதிர்ப்பையும் மீறி. பெரிய மனுஷர்களிடமும் இப்படிச் சின்ன மனசு இருக்கத்தான் செய்கிறது.

சோதனைக்கு எடுத்த கப்பல்களில் ஒன்று சமராங். 28 பீரங்கிகள் கொண்டது, நம்ம கொச்சியில் தேக்கு மரத்தில் கட்டப்பட்டது. வார்ப்பிரும்புத் துண்டுகளோடு அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய் 1825 ஜனவரியில் திரும்பியது. செம்பு பத்திரமாக இருந்தது. டேவி ஜெயித்துவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

எங்கே இடித்தது?

அடுத்தடுத்துத் திரும்பிய கப்பல்களின் அடியில் பாசியும் கொட்டலசும் அப்பிக் கிடந்தன. கொட்டலசு என்பது பாறையிலும் தோணியிலும் சுண்ணாம்பு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் பார்னக்கிள். அது அப்பினால் கப்பல் வேகம் படுத்துவிடும். போர்க்கப்பலுக்கு வேகம்தானே உயிர்? விஷயம் இதுதான்: கரைகிற செம்பு இந்த உயிரினங்களுக்கு விஷம். இத்தனை வருஷமாக அடிப்பகுதி சுத்தமாக இருந்ததே செம்பு கரைந்துகொண்டிருந்ததால்தான். டேவி கரைவதை நிறுத்தினார், விஷமும் நின்றது.

1825லேயே கடலோடும் கப்பல்களில் இருந்து இந்தக் காவல் துண்டுகளைக் கைவிடச் சொல்லி உத்தரவு வந்தது. பத்திரிகைகள் கிண்டலடித்தன. என்னைக் கேட்டால், இது பாதி அநியாயம். அவரிடம் கேட்டது செம்பு கரையாமல் இருக்க வழி. அதைச் சரியாகச் செய்து கொடுத்தார். ஆனால் போதுமான கப்பல்கள் நீண்ட பயணம் போய்த் திரும்பும் முன்பே வெற்றியை ஊரறியச் சொன்ன அவசரம் அவருடையதுதான்.

அதன் பிறகு டேவி பழைய டேவியாக இல்லை. 1826 கடைசியில் பக்கவாதம். 1827இல் தலைவர் பதவியை விட்டார். ஐரோப்பாவில் சுற்றினார், மீன் பிடித்தார், மீன்பிடிப்பது பற்றியே புத்தகம் எழுதினார். 1829 மே 29 அன்று ஜெனீவாவில் இறந்தபோது வயது 50.

சரி, நம்ம காருக்கு?

டேவி மாதிரி ஒரு துத்தநாகக் கட்டியைக் காரின் அடியில் மாட்டிவிட்டால் போதாதா? போதாது. கப்பல் முழு நேரமும் உப்புத் தண்ணீரில் கிடக்கிறது, அந்தத் தண்ணீர்தான் மின்சுற்றை முடித்து வைக்கிறது. கார் ஓடுவது காற்றில். அதனால்தான் தகடு முழுக்க முலாமாகவே பூசுகிறார்கள். கல் பட்டுக் கீறல் விழுந்தாலும் அந்த இடத்தின் ஈரத்தில் பக்கத்துத் துத்தநாகம் இரும்பைக் காப்பாற்றும். கீறல் அகலமானால் அதன் கை எட்டாது. கருப்புப் பூச்சு வேறு ரகம், அது தண்ணீரை அண்டவிடாத வெறும் போர்வை. சேற்றையும் பழைய துருவையும் சுரண்டி எடுக்காமல் மேலே அடித்தால், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டின மாதிரி ஆகிவிடும். அடிக்கச் சொல்லும்போது பக்கத்தில் நின்று பாருங்க.

கப்பல்களோ டேவியிடமே திரும்பிவிட்டன. மர உடம்பு போய் எஃகு வந்தது. இன்று கப்பலின் அடியில், சுக்கான் பக்கம், துத்தநாகக் கட்டிகளோ அலுமினியக் கட்டிகளோ இருக்கும். கரைந்ததும் உலர்துறையில் ஏற்றி மாற்றுவார்கள். கொட்டலசுக்குத் தனியாக ஒரு பெயின்ட், பெரும்பாலும் அதில் கலந்திருக்கும் விஷம் செம்புச் சேர்மம். அந்தப் பெயின்டை அடிக்கும்போது துத்தநாகக் கட்டியை மூடி வைத்துவிடுவார்கள். பெயின்ட் பட்டுவிட்டால் கட்டி கரையாது, கரையாத கட்டியால் எஃகைக் காப்பாற்ற முடியாது.