9 மணி நேரத்தில் நழுவிய உயிர்... ஆஸ்திரேலியப் பாலைவனத்தைக் கடந்த ராபர்ட் பர்க் இறந்தது எப்படி?

நான்கு மாதம் பாலைவனத்தில் நடந்துவிட்டு, எலும்பும் தோலுமாகத் திரும்பி வருகிறீர்கள். முகாமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், அங்கே சாப்பாடு இருக்கும், நம்ம ஆட்கள் காத்திருப்பார்கள் என்ற ஒரே நம்பிக்கைதான் கால்களை நகர்த்துகிறது. வந்து பார்த்தால் முகாம் காலி. அன்று காலையில்தான் எல்லோரும் கிளம்பிப் போயிருக்கிறார்கள்!

1861 ஏப்ரல் 21 அன்று ராபர்ட் ஓஹாரா பர்க்குக்கும் அவருடைய 2 தோழர்களுக்கும் நடந்தது இதுதான். வித்தியாசம் சுமார் 9 மணி நேரம். ஆனால் பர்க்கின் உயிரைப் பறித்தது அந்த 9 மணி நேரம் மட்டும்தானா? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ராபர்ட் பர்க்?

அயர்லாந்தின் கால்வே பகுதியில் 1821ல் பிறந்தவர் பர்க். ஆஸ்திரிய ராணுவத்தில் குதிரைப்படை அதிகாரி, பிறகு அயர்லாந்தில் போலீஸ் வேலை. 1853ல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார். அங்கேயும் போலீஸ் அதிகாரி வேலைதான். துணிச்சலானவர், ஆனால் முன்கோபக்காரர். பாலைவனப் பயண அனுபவமோ, வழி கண்டுபிடிக்கும் பயிற்சியோ அவருக்குக் கிடையாது.

அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவின் கடலோரம்தான் ஐரோப்பியர்களுக்குத் தெரியும். கண்டத்தின் நடுப்பகுதி அவர்களுடைய வரைபடத்தில் பெரும்பாலும் வெற்றிடம். தெற்கே இருந்து வடக்குக் கடல் வரை கண்டத்தை முதலில் கடக்கப் போவது யார் என்று போட்டி. பக்கத்து மாகாணமான தெற்கு ஆஸ்திரேலியா பரிசே அறிவித்திருந்தது. அங்கிருந்து ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்ற அனுபவசாலி ஏற்கெனவே கிளம்பியிருந்தார். விக்டோரியா மாகாணம் தன் பயணத்துக்குத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது, அனுபவமே இல்லாத பர்க்கை.

ஊரே கூடி வழியனுப்பிய பயணம்

1860 ஆகஸ்ட் 20. மெல்போர்னின் ராயல் பார்க்கில் சுமார் 15 ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். 19 ஆண்கள், 26 ஒட்டகங்கள், 23 குதிரைகள், சுமார் 20 டன் சாமான்கள். சாப்பாட்டு மேசை, நாற்காலி, சீன சேகண்டி வரைக்கும் மூட்டை கட்டியிருந்தார்கள்!

இந்தப் பயணத்தில் ஒரு இந்தியத் தொடர்பும் உண்டு. ஒட்டகங்களில் பெரும்பாலானவை அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்து கராச்சி துறைமுகம் வழியாகக் கொண்டுவரப்பட்டவை. தோஸ்த் முகமது உள்ளிட்ட ஒட்டக ஓட்டிகளும் கூடவே வந்தார்கள். ஜான் கிங் என்ற அயர்லாந்து இளைஞரும் வந்தார். இந்தியாவில் பிரிட்டிஷ் படையில் சிப்பாயாக இருந்தவர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிந்தது குழு... தொடங்கியது சிக்கல்

வண்டிகள் ஆமை வேகத்தில் நகர, பர்க்குக்குப் பொறுமை போனது. சுமையைக் குறைக்க வழியில் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு என்று இறக்கி வைத்தார். ஸ்கர்வி எனும் வைட்டமின் சி குறைபாட்டு நோயைத் தடுக்கத்தான் அந்தச் சாற்றையே எடுத்து வந்திருந்தார்கள். விலங்குகளின் பாரத்தைக் குறைக்க ஆட்களை நடக்க வைத்தார். ஒட்டகப் பொறுப்பாளராகவும் துணைத் தலைவராகவும் இருந்த லேண்டெல்ஸ், பர்க்குடன் சண்டை போட்டுவிட்டு விலகினார். அவருடைய இடத்துக்கு வந்தவர், வழி கணிப்பதில் கெட்டிக்காரரான 26 வயது வில்லியம் ஜான் வில்ஸ்.

மெனிண்டி என்ற இடத்தில் பர்க் குழுவை இரண்டாகப் பிரித்தார். ஒரு சிறிய அணியோடு முன்னே போய், நவம்பரில் கூப்பர் க்ரீக் ஆற்றங்கரையை அடைந்தார். பின்னாலேயே மீதி உணவுப் பொருட்களைக் கொண்டுவர வேண்டியவர் வில்லியம் ரைட். ஆனால் பணம், பதவி ஒப்புதல் என்று காரணங்கள் நீண்டு, அவர் கிளம்பியதே ஜனவரி கடைசியில்தான்.

பர்க் காத்திருக்கவில்லை. கூப்பர் க்ரீக்கில் குழுவை மறுபடியும் பிரித்தார். டிசம்பர் 16 அன்று வில்ஸ், கிங், சார்லி கிரே ஆகிய மூவரோடு வடக்கு நோக்கிப் புறப்பட்டார். கையில் 6 ஒட்டகங்கள், ஒரு குதிரை, 3 மாத உணவு. ஆஸ்திரேலியாவில் டிசம்பர் என்றால் கொளுத்தும் கோடை! முகாமைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வில்லியம் பிராஹேவுக்கு. 3 மாதம் வரை காத்திருக்கச் சொல்லி உத்தரவு.

கடலைத் தொட்டார்களா?

கல் பாலைவனத்தையும், பிறகு வடக்கின் மழைச் சேற்றையும் தாண்டி, 1861 பிப்ரவரியில் கார்பென்டேரியா வளைகுடாவுக்கு அருகே வந்துவிட்டார்கள். தண்ணீர் உப்புக் கரித்தது, அலை ஏற்ற இறக்கமும் தெரிந்தது. ஆனால் அலையாத்திக் காடும் சதுப்பும் வழியை மறித்துவிட்டன. கடைசி வரை கடலைக் கண்ணால் பார்க்கவே முடியவில்லை. மெல்போர்னில் இருந்து கிட்டத்தட்ட 3,250 கி.மீ. கண்டத்தைக் கடந்தாச்சு. ஆனால் உணவில் 4ல் 3 பங்குக்கு மேல் தீர்ந்திருந்தது.

திரும்பும் வழியில் ஒட்டகங்களை ஒவ்வொன்றாகக் கொன்று தின்றார்கள். குதிரையும் உணவானது. எடுக்கக் கூடாத மாவை எடுத்துத் தின்றதற்காக கிரேயை பர்க் அடித்தார். சில வாரங்களில், ஏப்ரல் 17 அன்று கிரே இறந்துபோனார். அவரைப் புதைக்க மற்ற மூவருக்கும் ஒரு முழு நாள் ஆனது. அவ்வளவுதான் அவர்கள் உடம்பில் தெம்பு இருந்தது. அந்த ஒரு நாள்தான் பின்னால் பெரிய விலையாக மாறியது.

மரத்தில் செதுக்கப்பட்ட ஒரு சொல்

ஏப்ரல் 21 மாலை. 2 ஒட்டகங்களோடு மூவரும் கூப்பர் க்ரீக் வந்து சேர்ந்தார்கள். யாருமே இல்லை. ஒரு கூலிபா மரத்தில், தோண்டு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் செதுக்கப்பட்டிருந்தது. தோண்டினால் கொஞ்சம் உணவும் ஒரு கடிதமும் கிடைத்தன. 3 மாதத்துக்குப் பதிலாக 4 மாதத்துக்கும் மேல் காத்திருந்த பிராஹே, காயம்பட்ட சகாவைக் காப்பாற்ற அன்று காலையில்தான் கிளம்பியிருந்தார்.

இங்கே பர்க் எடுத்த முடிவுதான் முக்கியமானது. வந்த வழியிலேயே மெனிண்டிக்குப் போகலாம் என்பது வில்ஸ், கிங்கின் விருப்பம். பர்க் கேட்கவில்லை. சுமார் 240 கி.மீ. தொலைவில் மவுண்ட் ஹோப்லெஸ் பக்கம் ஒரு போலீஸ் நிலையம் இருப்பதாகச் சொல்லி அந்தப் பக்கம் திருப்பினார். தாங்கள் வந்துபோன விவரத்தை எழுதிக் குழிக்குள் வைத்து, மண்ணைப் பழையபடியே மூடிவிட்டார்கள். மரத்தில் புதிதாக எந்த அடையாளமும் போடவில்லை.

மே 8 அன்று பிராஹே, ரைட்டோடு அதே மரத்தடிக்குத் திரும்பி வந்தார்! எதுவும் மாறின மாதிரி தெரியவில்லை. தோண்டிப் பார்க்காமலேயே போய்விட்டார்கள். அப்போது பர்க் சில பத்து கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தார். மே 30ல் வில்ஸ் அங்கே மறுபடி போனபோது, பிராஹே வந்துபோன சுவடே அவருக்குத் தெரியவில்லை.

வயிறு நிறைந்தது... உடல் தேய்ந்தது

மீதமிருந்த 2 ஒட்டகங்களில் ஒன்று சேற்றில் சிக்கியது. அடுத்தது, ராஜா என்ற பெயர் கொண்டது. அதற்கும் நடக்கத் தெம்பில்லை. இரண்டையும் சுட்டார்கள். தண்ணீர் சுமக்க ஒட்டகம் இல்லாமல் பாலைவனத்தைத் தாண்ட வழியில்லை. ஆற்றங்கரையிலேயே முடங்கினார்கள்.

ஆனால் அந்த ஆற்றங்கரை ஆள் இல்லாத இடம் அல்ல. யாண்ட்ருவாந்தா பழங்குடியினர் காலங்காலமாக வாழும் ஊர் அது. அவர்கள் மீன் கொடுத்தார்கள். நார்டூ என்ற செடியின் வித்துப்பைகளை அரைத்துச் சுட்ட அடையும் கொடுத்தார்கள். நார்டூ வேறு எதுவும் இல்லை, நம்ம ஊர் வயல்களில் வளரும் ஆரைக்கீரையின் நெருங்கிய சொந்தம்தான்.

ஒருநாள் ஒருவர் ஒரு துணியை எடுத்துவிட்டார் என்பதற்காக, அவர் தலைக்கு மேலே பர்க் துப்பாக்கியால் சுட்டார். விளைவு, உதவிய மக்கள் விலகிப் போய்விட்டார்கள்.

மூவரும் நார்டூவைத் தாங்களே அரைத்துத் தின்றார்கள். வயிறு நிறைந்தது, ஆனால் நாளுக்கு நாள் கால்கள் தளர்ந்தன. காரணம் என்ன? நார்டூவில் உள்ள ஒரு நொதி, உடலில் வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். யாண்ட்ருவாந்தா மக்களின் பக்குவ முறை அந்தத் தீங்கைக் குறைத்தது. பர்க் குழு அந்தப் பக்குவத்தைக் கற்றுக்கொள்ளாததால் பெரிபெரி நோய் தாக்கியிருக்கலாம் என்று பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் விளக்கினார்கள்.

நடக்க முடியாத வில்ஸைக் குடிசையில் விட்டுவிட்டு, பழங்குடியினரைத் தேடி பர்க்கும் கிங்கும் கிளம்பினார்கள். முன்பு விரட்டியவர்களையே தேடிப் போக வேண்டிய நிலை. இரண்டே நாளில் பர்க் விழுந்தார். உயிர் போகும்வரை பக்கத்திலேயே இருக்கச் சொல்லி கிங்கிடம் கேட்டுக்கொண்டார். 1861 ஜூன் கடைசியில் ஒரு காலையில் அவர் இறந்தார். வில்ஸும் அதே நாட்களில் தனியாக இறந்துபோனார்.

பிழைத்தது ஒருவர்... எப்படி?

கிங் மட்டும் தொடர்ந்து தேடி யாண்ட்ருவாந்தா மக்களைக் கண்டுபிடித்தார். பறவைகளைச் சுட்டு அவர்களுக்குக் கொடுத்தார். கையில் புண் இருந்த ஒரு பெண்ணுக்கு மருந்து போட்டார். அவர்களும் அவரைத் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டு சோறு போட்டார்கள். செப்டம்பர் 15 அன்று ஆல்பிரட் ஹோவிட் தலைமையிலான தேடுதல் குழு வந்தபோது கிங் உயிரோடு இருந்தார். அதே ஆறு, அதே பஞ்சம், அதே மக்கள்.

இந்தப் பயணம் மொத்தம் 7 பேரின் உயிரைக் குடித்தது. குழுவைப் பிரித்தது, ரைட்டின் தாமதம், பிராஹே கிளம்பியது என்று எல்லாவற்றையும் விசாரணை ஆணையம் குறைகூறியது. 1863 ஜனவரியில் பர்க், வில்ஸ் இறுதி ஊர்வலத்துக்கு மெல்போர்ன் நகரமே திரண்டது. 2 ஆண்டுகளில் சிலையும் எழுந்தது. உடல்நலம் முழுதாகத் திரும்பாத கிங், 1872ல் இளம் வயதிலேயே மறைந்தார்.

தோண்டு என்று செதுக்கப்பட்ட அந்த மரம் இன்றும் கூப்பர் க்ரீக் கரையில் நிற்கிறது. அங்கே பர்க் தவறவிட்டது 9 மணி நேரத்தை. ஆனால் அதன் பிறகும் அவருக்கு 2 மாதத்துக்கும் மேல் நேரம் இருந்தது. நீட்டிய கையைப் பிடித்திருந்தால், அந்த நேரமே போதுமானதாக இருந்திருக்கும்.