கடல் கடந்த கல்வியும் கொல்லா அறமும்: அனசூயா சாராபாய் அம்மையார்

நம் சமணக் குடும்பங்களில் பிள்ளைகளை உயர்கல்விக்காக அயல்நாடுகளுக்கு அனுப்பி வைக்கும் வழக்கம் ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. அனுப்பி வைக்கும் பெற்றோர் உள்ளத்தில் பெருமிதத்தோடு ஒரு கவலையும் உடன் எழுவதை நாம் அறிவோம். அந்நாட்டு உணவு எவ்வாறிருக்குமோ, இரவு உண்ணாமை கைகூடுமோ, வழிவழியாக வந்த விரதங்கள் நிலைக்குமோ என்பதே அக்கவலை. இக்கேள்விகளைத் தம் வாழ்வில் நேரே எதிர்கொண்ட சமணப் பெண்மணி ஒருவர் நூறாண்டுகளுக்கு முன்பே வாழ்ந்தார். அவர் கல்வியை விடவில்லை, கொல்லாமையையும் விடவில்லை. இரண்டையும் ஏந்தித் தாயகம் திரும்பியபோது, தம் இல்லத்தாரும் அறியாதிருந்த ஓர் இம்சையை அவர் கண்கள் கண்டன. அவரே அகமதாபாத் நகரத்துத் தொழிலாளர்கள் மோட்டாபென், அதாவது பெரிய அக்கா என்று அன்புடன் அழைத்த அனசூயா சாராபாய் அம்மையார்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1885ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11ஆம் நாள் அகமதாபாத்தில், செல்வ வளம் மிக்க சுவேதாம்பர சமணக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பஞ்சாலைத் தொழிலில் பெயர் பெற்ற குடும்பம் அது. ஒன்பதாம் வயதிலேயே தந்தையையும் தாயையும் இழந்தார். அனசூயா, தம்பி அம்பாலால், சிறு குழந்தையாயிருந்த தங்கை காந்தா ஆகிய மூவரும் சிற்றப்பன் இல்லத்தில் வளர்ந்தனர்.

அக்கால வழக்கப்படி 13ஆம் வயதில் அம்மையாருக்குத் திருமணம் செய்வித்தனர். அம்மணவாழ்வு நிலைக்கவில்லை. சில காலத்திலேயே பிறந்த வீட்டிற்குத் திரும்பினார். கணவன் வீட்டை விட்டு வந்த பெண்ணுக்கு இல்லத்தின் ஒரு மூலையே உலகம் என்றிருந்த காலம் அது. ஆனால் தம்பி அம்பாலால் தமக்கையை அம்மூலையில் விட மனங்கொள்ளவில்லை. தம்மினும் ஐந்தாண்டு மூத்த தமக்கையின் கல்வி வேட்கையை அறிந்து, அவர் இங்கிலாந்து சென்று மருத்துவம் பயில வேண்டிய துணை அனைத்தையும் செய்தார். 1912ஆம் ஆண்டு, தம் இருபத்தேழாம் வயதை எட்டும் நிலையில், அம்மையார் கடல் கடந்து சென்றார்.

மருத்துவத்தை நாடியதும் விடுத்ததும்

மருத்துவக் கல்வியை அவர் நாடியது நம் அறத்தோடு ஒட்டிய விருப்பமே என்பதை நாம் முதலில் உணர வேண்டும். இல்லறத்தார்க்கு உரியவையாக நம் ஆசாரியர்கள் வகுத்த தானங்கள் நான்கு. அவை ஆகார தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம், அபய தானம் என்பன. நோயுற்றவர்க்கு மருந்தளித்தல் அவற்றுள் ஒன்று. பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்லக் கூசி நோயோடு மடிந்த அந்நாளில், ஒரு பெண் மருத்துவராவது பெருந்தானமாகவே இருந்திருக்கும்.

ஆயினும் அத்தானத்தைச் செய்யும் தகுதியைப் பெறச் செல்லும் வழியில் ஒரு தடை நின்றது. மருத்துவ மாணவர்கள் தொடக்கத்தில் உயிரியல் பயில வேண்டும். அதற்குத் தவளை, முயல் போன்ற உயிர்களை அறுத்து உறுப்புகளை ஆராய்தல் அக்காலத்தில் கட்டாயப் பயிற்சியாயிருந்தது. பலருடைய நோயைத் தீர்க்கச் சில சிற்றுயிர்களைக் கொல்வதில் பிழையென்ன என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். அக்கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நம் சமூகத்தில் பிறந்த பலர் மருத்துவராகி அருந்தொண்டு புரிந்துள்ளனர். அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அனசூயா அம்மையாரோ, விலங்குகளை அறுக்கும் பயிற்சி தாம் பிறந்து வளர்ந்த சமண நெறிக்கு மாறானது எனக் கண்டு அக்கல்வியை விடுத்தார்.

இம்முடிவு எத்துணை அரியது என்பதை எண்ணிப் பார்ப்போமாக. உற்றார் அருகில் இல்லாத அயல்நாடு. விரதத்தை விட்டாலும் கேட்பார் இல்லை. தம்பி பெரும்பொருள் செலவிட்டு அனுப்பிய படிப்பு. அதை விட்டுத் திரும்பினால் ஊரார் இகழ்வர். இத்தனைக்கும் நடுவில் நின்று அவர் ஒரு வழியை மூடினார். ஆனால் கப்பலேறி உடனே திரும்பிவிடவில்லை. கற்க வேண்டும் என்ற நோக்கத்தைக் கைவிடாமல், கற்கும் பொருளை மட்டும் மாற்றிக்கொண்டார்.

லண்டனில் பெற்ற புதுக்கண்

அம்மையார் அடுத்துச் சேர்ந்த இடம் லண்டன் பொருளாதாரப் பள்ளி. சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப் தம்பதியரும் கிரகாம் வாலஸ், பெர்னாட் ஷா ஆகியோரும் முன்னின்று 1895ஆம் ஆண்டு நிறுவிய கல்விக்கூடம் அது. 1900ஆம் ஆண்டு முதல் லண்டன் பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. அதை நிறுவிய நால்வரும் பேபியன் சங்கத்தைச் சார்ந்தவர்கள். வறுமை என்பது ஏழையின் தலையெழுத்தன்று; கூலி, வேலை நேரம், குடியிருப்பு, சட்டம் ஆகியவற்றின் விளைவு; ஆகவே ஆராய்ந்து திருத்தத்தக்கது என்பது அச்சங்கத்தாரின் கொள்கை. வன்முறையின்றிப் படிப்படியாகச் சமுதாயத்தை மாற்ற வேண்டும் என்பது அவர்கள் வழி. இக்கொள்கை அம்மையார் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

வகுப்பறைக்கு வெளியிலும் அந்நகரம் அவருக்குப் பாடம் புகட்டியது. 1912ஆம் ஆண்டு இங்கிலாந்து பெரும் தொழிற் கிளர்ச்சிகளைக் கண்ட ஆண்டாகும். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் சுமார் பத்து இலட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்து, குறைந்த அளவுக் கூலிக்கான சட்டத்தை அவ்வாண்டில் பெற்றனர். பெண்கள் வாக்குரிமை கேட்டுத் தெருவில் இறங்கிச் சிறையும் ஏகினர். அவ்வியக்கத்திலும் அம்மையார் ஈடுபாடு கொண்டார். பதின்மூன்றாம் வயதில் தம்மைக் கேளாமலே மணமுடித்து வைக்கப்பெற்ற ஒருவருக்குப் பெண்களின் உரிமைக் குரல் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை நாம் எளிதில் உய்த்துணரலாம்.

1913ஆம் ஆண்டு அம்மையார் தாயகம் திரும்பினார். பட்டம் எதுவும் அவர் கையில் இல்லை. ஊரார் கணக்கில் அப்பயணம் வெறும் செலவே.

இரண்டு இரவும் ஒரு பகலும்

அகமதாபாத்தில் அவர் ஏழைகளின் பிள்ளைகளுக்காகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டோரின் குழந்தைகளையும் தாமே நீராட்டித் தலை வாரிவிடும் அளவிற்கு அவர்களோடு ஒன்றினார். ஒருநாள் காலை அவ்வாறு குழந்தைகளின் தலையை வாரிக்கொண்டிருந்தபோது, பெண் தொழிலாளர் கூட்டமொன்று நினைவிழந்தவர் போலத் தள்ளாடிச் செல்வதைக் கண்டார். அழைத்து வினவினார். இடைவிடாமல் 36 மணி நேரம், இரண்டு இரவும் ஒரு பகலும் ஆலையில் வேலை செய்துவிட்டு வீடு திரும்புவதாக அவர்கள் கூறினர். பெண்களை நாளொன்றுக்கு 11 மணி நேரத்திற்குமேல் வேலை வாங்கலாகாது என்று 1891ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தும் நிலைமை இதுவாயிருந்தது.

இவ்விடத்தில் நம் சாஸ்திரம் ஒன்றை நினைவு கூர்வது பொருந்தும். இல்லறத்தார் ஏற்கும் அஹிம்சா அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகின்றது. கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவிறந்த பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பனவே அவ்வைந்தும். எறும்பையும் மிதியாது ஒதுங்கி நடக்கும் நாம், முதல் மூன்றையும் நினைவில் வைத்துப் பின்னிரண்டையும் மறந்துவிடுதல் உண்டு. அறுத்தல் என்னும் குற்றத்திற்கு அஞ்சி லண்டனில் மருத்துவக் கல்வியைத் துறந்த அம்மையார், அளவிறந்த பாரம் ஏற்றும் குற்றத்தைத் தம் சொந்த ஊரில், தம் குலத்தார்க்கு உரிய தொழிலிலேயே கண்டார். லண்டனில் பெற்ற கல்வி அக்குற்றத்தின் காரணங்களை அவருக்கு விளக்கியது. சமண நெறியோ, கண்டும் வாளாவிருக்க அவரை விடவில்லை.

தமக்கையும் தம்பியும்

1917ஆம் ஆண்டு அகமதாபாத்தில் கொள்ளை நோய் பரவியது. தொழிலாளர் ஊரை விட்டு ஓடாதிருக்கும் பொருட்டு ஆலை முதலாளிகள் நெசவாளர்க்குக் கூலியில் 70 முதல் 80 விழுக்காடு வரையில் மிகையூதியம் அளித்தனர். அது கிடைக்கப்பெறாத பாவுப் பிரிவுத் தொழிலாளர் அவ்வாண்டு டிசம்பரில் அம்மையாரை நாடினர். அவர் அவர்களுக்குத் தலைமை ஏற்றார். 1918ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நோய் தணிந்ததும், நெசவாளரின் மிகையூதியத்தை நிறுத்த முதலாளிகள் முனைந்தனர். போர்க்கால விலையேற்றத்தால் வருந்திய நெசவாளர் 50 விழுக்காடு உயர்வு கேட்டனர். முதலாளிகள் 20 விழுக்காட்டிற்கு மேல் தர மறுத்தனர். இரு திறத்தார் நிலையையும் ஆராய்ந்த காந்தியடிகள் 35 விழுக்காடே நியாயம் எனக் கண்டார்.

பிப்ரவரி 22ஆம் நாள் ஆலைகளில் கதவடைப்புத் தொடங்கியது. முதலாளிகள் தரப்பிற்குத் தலைமை தாங்கியவர், தமக்கையை இங்கிலாந்திற்கு அனுப்பிப் படிக்க வைத்த அதே அம்பாலால். தொழிலாளர் தரப்பில் நின்றவர் அத்தமக்கையே. சபர்மதி ஆற்றங்கரையில் கருவேல மரத்தடியில் நாள்தோறும் கூட்டம் நடந்தது. காந்தியடிகள் எழுதிய துண்டு வெளியீடுகள் அம்மையார் பெயரில் வெளிவந்தன. அம்மையார் வீடு வீடாகச் சென்று தொழிலாளர் நலம் கண்டார். தொழிலாளர் உறுதி தளர்ந்தபோது, மார்ச் 15ஆம் நாள் காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டார். 18ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவா நடுவராயிருந்து ஆராய்ந்து, முடிவில் 35 விழுக்காட்டு உயர்வையே தீர்ப்பாக வழங்கினார்.

இப்போராட்டத்தில் நம் உள்ளத்தைக் கவர்வது ஒன்றுண்டு. உடன்பிறந்தார் இருவரும் எதிரெதிர் நின்றும் பகைவராகவில்லை. அந்நாட்களில் அம்பாலால் காந்தியடிகளின் ஆசிரமத்தில் உணவருந்த வருவதுண்டு. தமக்கையே அவருக்குப் பரிமாறுவார். கொள்கையை எதிர்த்து ஆளை வெறுக்காதிருத்தலும் அஹிம்சையின் ஒரு கூறன்றோ!

பிற்காலத் தொண்டு

1919ஆம் ஆண்டு ரௌலட் சட்டத்தை எதிர்க்கும் சத்தியாக்கிரக உறுதிமொழியில் முதலில் கையெழுத்திட்டவர்களுள் அம்மையாரும் ஒருவர். 1920ஆம் ஆண்டு அகமதாபாத் நெசவாலைத் தொழிலாளர் சங்கமாகிய மஜூர் மகாஜன் தோன்றியது. அதன் முதல் தலைவராக அம்மையார் விளங்கினார். நம் சென்னையில் வாடியா அவர்களும் திரு.வி.க. அவர்களும் முன்னின்று 1918 ஏப்ரலில் தொழிலாளர் சங்கம் கண்டதையும் இங்கு நினைவு கூரலாம். நாட்டின் இரு கோடிகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்த முயற்சிகள் அவை. பிணக்குகளைப் பேச்சாலும் நடுவர் தீர்ப்பாலும் தீர்த்துக்கொள்ளும் முறையை மஜூர் மகாஜன் தன் நெறியாகக் கொண்டது.

அம்பாலாலின் மைந்தரும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றவரே. இந்திய விண்வெளி ஆராய்ச்சியின் தந்தை எனப் போற்றப்பெறும் விக்கிரம் சாராபாய் அவர். அவர் 1971ஆம் ஆண்டு மறைந்தார். அத்தையாராகிய அனசூயா அம்மையார் மறுவாண்டு, 1972இல் மறைந்தார். மஜூர் மகாஜனின் பெண்கள் பிரிவில் பணியாற்றி, அம்மையாரைத் தம் வழிகாட்டியாகக் கொண்ட இலா பட், அதே 1972இல் சேவா என்னும் உழைக்கும் மகளிர் சங்கத்தைத் தொடங்கினார்.

நாம் கொள்ளத்தக்கது

அம்மையார் மறுத்த அந்தப் பயிற்சியைப் பற்றி உலகமும் மெல்ல மறு சிந்தனை செய்துள்ளது. 2014ஆம் ஆண்டு நம் நாட்டுப் பல்கலைக்கழக மானியக் குழு, விலங்கியல் பாடத்தில் விலங்குகளை அறுக்கும் பயிற்சியைக் கைவிடுமாறு பல்கலைக்கழகங்களைப் பணித்தது. ஆயினும் எல்லா நாடுகளிலும் எல்லாக் கல்விக்கூடங்களிலும் நிலை ஒன்றன்று. ஆகவே வெளிநாடு செல்லும் நம் மாணவர்கள், தாம் சேரும் படிப்பில் இத்தகைய பயிற்சி உண்டா, உண்டெனில் மாற்று வழி உண்டா என முன்னரே எழுதிக் கேட்டறிதல் நலம். தம் விரதத்தைத் தெளிவாக எடுத்துரைக்க நாணுதல் வேண்டா.

பெற்றோர்க்கும் ஒன்று கூறுவோம். பிள்ளை அயல்நாட்டில் என்ன உண்கிறான் என்று கேட்பதோடு நம் கடமை முடிவதில்லை. அங்கே கற்ற கல்வி கொண்டு அவன் எதைக் காண்கிறான் என்றும் கேட்க வேண்டும். அம்பாலால் தம் செல்வத்தால் தமக்கைக்குக் கல்வி ஈந்தார். அக்கல்வியே நாளை தம்மை எதிர்த்து நிற்கும் என அவர் எண்ணியிருக்க மாட்டார். நம் பிள்ளைகளும் திரும்பி வந்து, நம் கடையில் பணிபுரிவோர் எத்தனை மணி நேரம் நிற்கின்றனர், நம் நிலத்தில் உழைப்போர் என்ன கூலி பெறுகின்றனர் என்று நம்மையே கேட்கக்கூடும். அன்று நாம் சினங்கொள்ளாது விடையளித்தல் வேண்டும்.

ஔஷத தானம் செய்ய எண்ணிப் புறப்பட்ட அம்மையார், உயிர்க்கொலை அஞ்சி அதை விடுத்தார். வேலையிழப்பையும் பசியையும் அஞ்சி வாழ்ந்த ஆயிரமாயிரம் உழைப்பாளர்க்கு அஞ்சற்க எனத் துணை நின்று, அவர் செய்து முடித்தது அபய தானமேயாகும்.