மீண்டும் மாணவியான கிளாரா பார்ட்டன்

1869ஆம் ஆண்டு. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பெண்மணியைக் காண லூயி அப்பியா என்னும் மருத்துவர் வந்தார். அப்பெண்மணியின் பெயர் கிளாரா பார்ட்டன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமுற்ற வீரர்களுக்குத் தொண்டாற்றி நாடெங்கும் புகழ் பெற்றவர் அவர். அப்பியாவோ செஞ்சிலுவை இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். போரில் காயமுற்றோரைப் பாதுகாக்க 1864இல் பல நாடுகள் ஜெனீவா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. அதில் அமெரிக்கா ஏன் இன்னும் சேரவில்லை என்று அப்பியா கேட்டார். கிளாராவால் பதில் கூற இயலவில்லை. அப்படியோர் ஒப்பந்தம் இருப்பதே அவருக்குத் தெரியாது. அப்போது அவருக்கு வயது 47.

அத்தனை அனுபவம் உள்ளவருக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று? அவர் தொண்டு செய்யக் கற்றுக்கொண்ட விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும்.

கிளாரா 1821ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. கூச்ச சுபாவம் மிக்கவர். அவருக்குப் பதினொரு வயதானபோது அண்ணன் டேவிட், களஞ்சியத்தின் கூரையிலிருந்து கீழே விழுந்து படுத்த படுக்கையானார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அண்ணனின் கட்டிலருகே இருந்து மருந்து கொடுத்துப் பராமரித்தவர் அந்தச் சிறுமிதான். பிற்காலத்தில் எத்தனையோ பேரைக் கவனித்துக்கொண்ட கிளாரா, தாதிமைப் பயிற்சி எதுவும் பெற்றவர் அல்லர். அந்தப் படுக்கையறையே அவருடைய முதல் பயிற்சிக்கூடம்.

பதின்ம வயதிலேயே அவர் ஆசிரியரானார். 1852இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் போர்டன்டவுன் எனும் ஊரில் இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஆறு மாணவர்களுடன் தொடங்கிய பள்ளி விரைவில் நூற்றுக்கணக்கானோர் பயிலும் பள்ளியாக வளர்ந்தது. பள்ளி பெரிதானதும் நிர்வாகத்தினர் அவரைவிடக் கூடுதல் சம்பளத்தில் ஓர் ஆணைத் தலைமையாசிரியராக நியமித்தனர். தாம் வளர்த்த பள்ளியில் இரண்டாம் இடத்தில் இருக்க மனமின்றிக் கிளாரா விலகினார். பின்னர் வாஷிங்டன் நகரின் காப்புரிமை அலுவலகத்தில் எழுத்தராகப் பணியில் சேர்ந்தார்.

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. காயத்தோடும் களைப்போடும் வாஷிங்டன் வந்து சேர்ந்த முதல் படைப்பிரிவில் கிளாராவின் முன்னாள் மாணவர்கள் சிலரும் இருந்தனர். அவர்களுக்கு மாற்று உடைகூட இல்லை. கிளாரா தம் வீட்டிலிருந்த துணிகளையும் உணவையும் எடுத்துச் சென்றார். நாளிதழில் விளம்பரம் செய்து பொருள்களைத் திரட்டினார். அடுத்த ஆண்டு போர்முனைக்கே செல்ல அனுமதி பெற்றார். 1862 செப்டம்பர் 17ஆம் நாள் ஆன்டீட்டம் போர்க்களத்திற்கு அவருடைய வண்டி வந்து சேர்ந்தபோது, மருத்துவர்கள் காயங்களில் துணிக்குப் பதிலாகச் சோளக்கதிரின் மேலுறையை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தனர். இராணுவத்தின் மருந்து வண்டிகள் இன்னும் வந்திருக்கவில்லை. கிளாரா கொண்டு வந்த துணிகளும் விளக்குகளும் அன்றிரவு பல உயிர்களைக் காத்தன. ஒரு வீரருக்குத் தண்ணீர் கொடுக்க அவர் குனிந்தபோது, பாய்ந்து வந்த குண்டு அவருடைய சட்டைக் கையைத் துளைத்துச் சென்று அவ்வீரரின் உயிரைப் பறித்தது.

போருக்குப் பின் காணாமற்போன வீரர்களைத் தேடும் அலுவலகம் ஒன்றை நடத்தினார். அறுபதாயிரத்திற்கும் மேற்பட்ட கடிதங்கள் அங்குக் கையாளப்பட்டன. ஓயாத உழைப்பில் உடல் தளர்ந்தது. மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது குரலும் போயிற்று. மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொன்னதால்தான் ஐரோப்பா சென்றார்.

ஆனால், ஓய்வு நீடிக்கவில்லை. 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் தொடங்கியது. பாடன் நாட்டின் பெருங்கோமகள் லூயிஸ், கிளாராவைத் தம்முடன் பணியாற்ற அழைத்தார். லூயிஸின் பெண்கள் சங்கம் அமைதிக் காலத்திலேயே தாதியருக்குப் பயிற்சி அளித்து வந்தது. அங்குக் கிளாரா கண்ட காட்சிகள் அவரை வியப்பில் ஆழ்த்தின. கிடங்குகளில் கட்டுத்துணிகளும் மருந்துகளும் வகைவாரியாகப் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. பயிற்சி பெற்ற தாதியர் அழைப்பு வந்ததும் புறப்பட ஆயத்தமாக இருந்தனர். தம் நாட்டில் நான்கு ஆண்டுகளில் செய்ய இயலாததை இவர்கள் முறையான ஏற்பாட்டினால் நான்கே மாதங்களில் செய்துவிட்டார்கள் என்று அவர் பின்னர் எழுதினார். போர்க்களத் தேவதை என்று போற்றப்பட்ட ஒருவர் இதை ஒப்புக்கொள்வது எளிதன்று.

அவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. முற்றுகையால் சிதைந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மக்கள் உடுக்க உடையின்றித் தவித்தனர். உடைகளைத் தானமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் மக்கள் நாள்தோறும் கையேந்தும் நிலை வரும் எனக் கிளாரா உணர்ந்தார். எனவே, தையற்கூடங்களை ஏற்படுத்தினார். அந்நகரப் பெண்களே கூலி பெற்று உடைகளைத் தைத்தனர். உடையும் கிடைத்தது, வருமானமும் கிடைத்தது.

1873இல் தாயகம் திரும்பிய கிளாரா, நோயுடன் போராடியபடியே அரசாங்கத்தின் கதவுகளைத் தட்டினார். 1881 மே மாதம் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் உருவானது. மறு ஆண்டு அமெரிக்கா ஜெனீவா ஒப்பந்தத்தை ஏற்றது. போர்க்காலத்தில் மட்டுமின்றி வெள்ளம், புயல், தீ போன்ற பேரிடர்களிலும் செஞ்சிலுவைச் சங்கம் உதவ வேண்டும் என்பது கிளாராவின் கருத்து. 1889இல் பென்சில்வேனியாவில் அணை உடைந்து ஜான்ஸ்டவுன் நகரை வெள்ளம் அடித்துச் சென்றது. 2,200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 67 வயதுக் கிளாரா தம் குழுவுடன் அங்கு ஐந்து மாதங்கள் தங்கிப் பணியாற்றினார்.

1893இல் தென் கரோலினாவின் கடலோரத் தீவுகளைப் புயல் தாக்கியது. ஏறத்தாழ 30,000 பேர் வீடிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள். அரசாங்கத்தின் உதவி அவர்களை எட்டவில்லை. ஸ்ட்ராஸ்பர்க்கில் கற்றது இங்குக் கைகொடுத்தது. பெண்கள் தையற்குழுக்களாகக் கூடினர். ஆண்கள் உப்புநீர் தேங்கிய நிலங்களில் வடிகால் வெட்டினர், விதைகள் வழங்கப்பட்டன. மறு ஆண்டுக் கோடையில் கிளாராவின் குழு விடைபெற்றபோது வயல்களில் பயிர் வளர்ந்திருந்தது.

ஆயினும், எல்லாவற்றையும் அவரால் கற்றுக்கொள்ள முடியவில்லை. சங்கம் பெரிதாக வளர்ந்த பின்னும் முடிவுகளைத் தாமே எடுத்தார். நன்கொடைகளுக்கு முறையான கணக்கு இல்லை என்ற குறைகூறல் எழுந்தது. பணத்தைத் தமக்காக எடுத்துக்கொண்டார் என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. எனினும், பொதுமக்களின் பணத்திற்குக் கணக்கு கேட்பது நியாயமே. 1904இல் கிளாரா சங்கத் தலைமையிலிருந்து விலகினார். போர்டன்டவுன் பள்ளியைப் போலவே, தாம் தொடங்கிய அமைப்பை மீண்டும் ஒருமுறை விட்டு வெளியேற நேர்ந்தது.

அப்போது அவருக்கு 82 வயது. மறு ஆண்டே தேசிய முதலுதவிச் சங்கத்தைத் தொடங்கினார். இரத்தப்போக்கை நிறுத்துவது, முறிந்த எலும்பைக் கட்டுவது போன்றவற்றைச் சாதாரண மக்களுக்குக் கற்பிப்பதே அதன் பணி. முதலுதவிப் பெட்டிகளையும் அது பரப்பியது. இன்று பள்ளிச் சீருடை இயக்கங்களில் நாம் பெறும் முதலுதவிப் பயிற்சியும் இத்தகைய பணியே.

கிளாரா 1912 ஏப்ரல் 12ஆம் நாள், மேரிலாந்து மாநிலத்தின் கிளென் எக்கோவில் இருந்த தம் இல்லத்தில் காலமானார். ஜான்ஸ்டவுன் மக்களுக்காகக் கட்டப்பட்ட தங்குமிடத்தைப் பிரித்தபோது கிடைத்த மரங்களைக் கொண்டு எழுப்பப்பட்ட வீடு அது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கிடங்காகவும் அது விளங்கியது. அதன் நீண்ட கூடத்தின் இரு புறச் சுவர்களிலும் போர்வைகளும் கட்டுத்துணிகளும் வைப்பதற்கான அலமாரிகள் மறைவாக அமைக்கப்பட்டுள்ளன. இன்றும் அவ்வீட்டிற்குச் செல்வோர் அவற்றைக் காணலாம்.