வரிக்குதிரை வண்டியில் அரண்மனைக்குப் போன கோடீஸ்வரர்: கூச்ச சுபாவச் சிறுவன் உருவாக்கிய விலங்கு மியூசியத்தின் கதை

லண்டன் சாலையில் ஒரு வண்டி போகிறது. இழுத்துச் செல்பவை சாதாரணக் குதிரைகள் இல்லை, வரிக்குதிரைகள்! வண்டி நேராக பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போகிறது. ஓட்டுபவர் சர்க்கஸ்காரரும் இல்லை. ஐரோப்பாவின் மிகப் பெரிய பணக்கார வங்கிக் குடும்பத்தின் வாரிசு, வால்டர் ரோத்சைல்ட். வரிக்குதிரையையும் பழக்கலாம் என்று ஊருக்குக் காட்டத்தான் இந்தச் சவாரி.

பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைக்க பிரிட்டன் ஆதரவு தெரிவித்த 1917-ம் ஆண்டின் பால்ஃபோர் கடிதம் இவருக்குத்தான் எழுதப்பட்டது. வரலாற்றுப் புத்தகங்கள் இவரை அதற்காக நினைவில் வைத்திருக்கின்றன. ஆனால், இங்கிலாந்தின் ட்ரிங் என்ற சின்ன ஊருக்கு வரும் குழந்தைகளுக்கு இவர் வேறு ஆள்.

7 வயதில் போட்ட பிளான்

1868-ல் லண்டனில் பிறந்தவர் வால்டர். சின்ன வயதிலேயே பேச்சில் சிக்கல், கூடவே பயங்கரக் கூச்சம். அதனால் வீட்டிலேயே பாடம். மனிதர்களிடம் பேசத் திணறிய பையனுக்கு பூச்சிகளும் பறவைகளும்தான் கூட்டாளிகள்.

7 வயதிலேயே, தான் ஒரு மியூசியம் தொடங்கப்போவதாக வீட்டில் அறிவித்துவிட்டார். சின்னப் பிள்ளை ஏதோ சொல்கிறது என்று விட்டுவிடக்கூடிய விஷயம்தான். ஆனால், 10 வயதில் தோட்டத்துக் கொட்டகையே அவருடைய முதல் மியூசியமாகிவிட்டது. பிறகு கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போனபோது, பறக்கத் தெரியாத கிவி பறவைகளையும் கூடவே கூட்டிப்போனார்!

மகன் வங்கியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. 1889-ல் வால்டர் வேலைக்குச் சேர்ந்தார், ஆனால் மனசு ஒட்டவில்லை. 1908-ல் வங்கியை விட்டே வெளியேறினார். இத்தனைக்கும், 21-வது பிறந்தநாள் பரிசாக ட்ரிங்கில் மியூசியம் அமைக்க இடமும் பணமும் கொடுத்தவர் அதே அப்பாதான்.

அப்படி என்ன ஸ்பெஷல்?

1892-ல் மியூசியத்தின் கதவுகள் பொதுமக்களுக்குத் திறந்தன. இன்னொரு பணக்காரராக இருந்தால் பூட்டி வைத்து விருந்தாளிகளுக்கு மட்டும் காட்டியிருக்கலாம். டிவி இல்லாத காலம் அது. பனிக்கரடி எவ்வளவு பெரியது, கொரில்லாவின் கை எவ்வளவு நீளம் என்பதெல்லாம் கிராமத்துப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ட்ரிங்கில் நேருக்கு நேர் நின்று பார்க்கலாம். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி அலமாரிகள், உள்ளே பாடம் செய்யப்பட்ட விலங்குகள். மெக்சிகோவில் குட்டித் துணி உடுத்திவிடப்பட்ட தெள்ளுப்பூச்சிகள்கூட இங்கே உண்டு. அவற்றைப் பார்க்க லென்ஸ் வேண்டும்!

வீட்டைச் சுற்றியிருந்த பூங்காவில் கங்காருக்கள், ஈமு கோழிகள், ராட்சத ஆமைகள் என உயிருள்ள கூட்டம் தனி. தொப்பி போட்டுக்கொண்டு ஆமை மேல் வால்டர் உட்கார்ந்திருக்கும் போட்டோ இன்றும் ஃபேமஸ்.

இன்னொரு பக்கம்

உலகம் முழுக்க ஆட்களை அனுப்பி அவர் சேர்த்தவை: சுமார் 3 லட்சம் பறவைகளின் பாடம் செய்த உடல்கள், 2 லட்சம் முட்டைகள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சிகள், அந்துப்பூச்சிகள். இவை எல்லாமே ஒருகாலத்தில் உயிரோடு இருந்தவை. இன்றைய பார்வையில் இது உறுத்தத்தான் செய்யும். அதே மனிதர்தான் அழிந்துபோன பறவைகளைப் பற்றி 1907-ல் தனிப் புத்தகமே எழுதினார்.

ட்ரிங்கில் பாதி உடம்பில் மட்டும் கோடு போட்ட குவாகா நிற்கிறது. அங்கே டாஸ்மேனியப் புலியும் இருக்கிறது. கடைசி குவாகா 1883-ல் ஆம்ஸ்டர்டாமிலும், அறியப்பட்ட கடைசி டாஸ்மேனியப் புலி 1936-ல் ஹோபார்ட்டிலும் செத்துப்போயின. எந்த ஜூவுக்குப் போனாலும் குழந்தைகள் இவற்றைப் பார்க்க முடியாது. ஓர் இனம் போனால் போனதுதான் என்று புரியவைக்க இந்தக் கண்ணாடி அலமாரிகள்தான் மிச்சம்.

பறிபோன பறவைகள்

1930-களின் தொடக்கத்தில் வால்டர் தன் பறவைத் தொகுப்பின் பெரும்பகுதியை, சுமார் 2.8 லட்சம் மாதிரிகளை, நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு விற்றார். உயிராக நினைத்ததை ஏன் விற்றார்? பழைய காதலி ஒருவர் பல ஆண்டுகளாக பிளாக்மெயில் செய்து பணம் பறித்து வந்ததுதான் காரணம் என்று, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து அண்ணன் தம்பி வழி மகளான விலங்கியலாளர் மிரியம் ரோத்சைல்ட் எழுதினார்.

1937-ல் வால்டர் காலமானார். மியூசியத்தையும் மீதமிருந்த தொகுப்பையும் நாட்டுக்கே எழுதி வைத்திருந்தார். 1970-களில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், இடநெருக்கடியால் தன் பறவைத் தொகுப்பை எங்கே மாற்றியது தெரியுமா? ட்ரிங்குக்குத்தான். விற்ற பறவைகள் நியூயார்க்கிலேயே இருந்துவிட்டன, ஆனால் காலியான ஊருக்கு வேறு பறவைகள் வந்து சேர்ந்தன.

அந்த மியூசியத்தைச் சுற்றிப் பார்க்க இப்போதும் கட்டணம் கிடையாது. கூச்சப்படும் குழந்தைகளுக்கும் அங்கே பிரச்சினை இல்லை. யாரிடமும் பேசாமல், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம்.