எவ்லின் பிராண்ட் அம்மையார்: வீட்டைப் பள்ளியாக்கிய தாய்

நம் பங்கின் பொன்விழா மலரில், நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேராத ஓர் அம்மையாரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964-ஆம் ஆண்டு வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏடு, பிற சபைச் சகோதரரிடம் காணப்படும் நற்கொடைகளை மகிழ்வோடு ஏற்று மதிக்க நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. அதே ஆண்டு வெளிவந்த திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டு, குடும்பத்தை ஓர் இல்லத் திருச்சபையாகக் கண்டு, பெற்றோரே பிள்ளைகளுக்கு விசுவாசத்தை முதன்முதலில் அறிவிப்போர் என்று போதிக்கிறது. இவ்விரு போதனைகளையும் மனத்தில் இருத்தியே, நமது கொல்லிமலையில் வாழ்ந்து, இம்மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்ட எவ்லின் பிராண்ட் அம்மையாரின் வரலாற்றைப் பங்கு மக்களுக்கு, சிறப்பாகத் தாய்மார்களுக்கு, எடுத்துரைக்க விழைகிறோம்.

எவ்லின் ஹாரிஸ் 1879-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், லண்டன் மாநகரில் வசதி படைத்த வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம் அது. ஓவியக் கலை பயின்றவர். நல்ல உடையும் வேலைக்காரர்களும் சூழ வாழ்ந்த அவர், ஒருநாள் தம் ஆலயத்தில் ஓர் இளைஞரின் உரையைக் கேட்டார். அந்த இளைஞர் ஜெஸ்ஸி பிராண்ட். கட்டட வேலை அறிந்தவர்; வெப்ப நாடுகளின் நோய்களுக்கு மருத்துவம் செய்யச் சிறிது காலம் பயிற்சி பெற்றவர்; 1907-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் பாப்டிஸ்ட் சபையின் மறைப்பணியாளராக இருந்தவர். மருத்துவர் எவரும் எட்டிப் பாராத கொல்லிமலை மக்களைப் பற்றி அவர் பேசியது எவ்லினின் உள்ளத்தில் தைத்தது. முப்பது வயதைக் கடந்த நிலையில் சென்னைக்கு வந்து தமிழ் பயின்றார். 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சேந்தமங்கலத்தில் இருவருக்கும் திருமணம் நடைபெற்றது.

இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்தில் ஏறி வருகிறோம். அன்று ஒற்றையடிப் பாதையன்றி வேறு வழியில்லை. மணமக்கள் திருமணம் முடிந்த அன்றே மலையேறினர். வழியில் மழை பிடித்துக் கொண்டது. டோலியிலும் கால்நடையாகவும் வந்து, மணவுடை நனைந்து சேறு படிந்த கோலத்தில் எவ்லின் தம் புதுமனை புகுந்தார். அவரது இல்லறம் தொடங்கியது இவ்வாறுதான்.

அந்த வீடு ஜெஸ்ஸி தம் கையால் அமைத்தது. மரச் சட்டங்களைச் சமவெளியில் அறுத்துத் தயார் செய்து, ஆட்களின் தலைச்சுமையாக மேலே கொண்டுவந்து பூட்டிய வீடு. கறையான் ஏறாதபடி தூண்களின் தலையில் தகரத் தொப்பிகள் வைத்து, அவற்றின் மேல் வீட்டை நிறுத்தியிருந்தார். மளிகைச் சாமான்கள் சமவெளியிலிருந்து சுமந்து வரப்பட வேண்டும். மலேரியாக் காய்ச்சல் எவரையும் விடவில்லை; கொசுவலை இல்லாமல் உறங்க இயலாது. வேலைக்காரர் சூழ வளர்ந்த பெண், இந்த வீட்டில் காய்ச்சலோடும் மழையோடும் குடும்பம் நடத்தக் கற்றுக் கொண்டார்.

வீட்டைச் சுற்றிலும் ஓயாத உழைப்பு. ஜெஸ்ஸி மலை மக்களுக்குத் தச்சு வேலையும் ஓடு செய்யும் தொழிலும் கற்பித்தார். ஆரஞ்சு, கரும்பு முதலியவற்றைப் பயிரிடவும், முசுக்கட்டை நட்டுப் பட்டுப்புழு வளர்க்கவும் வழி காட்டினார். வாசலில் நோயாளிகள் காத்திருப்பர். நரம்புச் சிலந்தி நோய் கண்டவரின் காலிலிருந்து புழுவை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்து போகாமல் வெளியே எடுப்பது அவ்வீட்டின் அன்றாடக் காட்சி. அந்நோய் அசுத்த நீரால் வருவது என்பதால் கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பவும் அவர் பாடுபட்டார். அம்மையார் மருந்து கொடுப்பார், புண்களைக் கட்டுவார், ஊர்களுக்கு நடந்து செல்வார், வீட்டையும் கவனிப்பார்.

இத்தகைய குடும்பத்தில்தான் 1914-ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று மூத்த மகன் பால் பிறந்தான். பிறகு மகள் கான்னி பிறந்தாள். பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு ஏற்ற பள்ளி அருகில் கிடையாது. எனவே தாயே ஆசிரியையானார். பால் மேசையருகே அமர்ந்து படிக்கப் பிடிக்காத பிள்ளை; மரம் ஏறுவதே அவனுக்கு இன்பம். அம்மையார் பிரம்பை எடுக்கவில்லை. அவனை மரத்திலேயே அமர்ந்து படிக்க விட்டார். மகன் கிளையில் அமர்ந்து கணக்கைச் செய்து தாளைக் கீழே போடுவான். தாய் அதைத் திருத்திக் கொடுப்பார். ஒழுங்கு தவறாமலும் பிள்ளையின் இயல்பு முறியாமலும் கற்பிக்கும் கலை இதுவே எனக் கருதுகிறோம். தந்தை தம் பங்குக்கு மகனைக் காட்டு வழியே அழைத்துச் சென்று, கறையான் புற்றையும் பூச்சிகளின் பொறிகளையும் காட்டிப் படைத்தவரின் கைவண்ணத்தை விளக்குவார். விவிலிய வாசிப்பும் செபமும் அவர்களது நாள் ஒழுங்கில் உணவைப் போல் இடம்பெற்றிருந்தன.

மலையும் ஓர் ஆசிரியராக நின்றது. ஒருநாள் சிறுவன் பால், மலைப் பிள்ளைகளோடு படிக்கட்டு வயலில் தவளை பிடிக்க ஓடி வரப்பைச் சேதப்படுத்தி, தண்ணீரைச் சேறாக்கினான். வயலைக் காத்து வந்த முதியவர், பிள்ளைகள் தாத்தா என்றழைத்தவர், அவர்களை நிறுத்தி ஒரு பிடி சேற்றை அள்ளிக் காட்டினார். தம் முன்னோருக்குச் சோறிட்டதும் இனி வரும் தலைமுறைகளுக்குச் சோறிடப் போவதும் இந்தச் சேறே என்றும், ஓடையில் கலங்கி இறங்கும் மண் மீண்டும் மலையேறி வராது என்றும் எடுத்துரைத்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பிறகும் பால் அந்தப் பாடத்தை மறவாமல் கட்டுரையாக எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாத நம் முதியோரும் கல்விமான்களே என்பதைப் பங்கு மக்கள் இதனால் அறிவார்களாக.

1918-ஆம் ஆண்டு உலகெங்கும் பரவிய விஷக் காய்ச்சல் கொல்லிமலையையும் தாக்கியது. நோய்க்கு அஞ்சி உறவினரே ஒதுங்கிய நாள்கள் அவை. பிராண்ட் தம்பதியர் பெரும் பாத்திரங்களில் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டு சென்று ஊட்டினர். முன்பு அவர்களை எதிர்த்து வந்த ஒரு பூசாரியும் நோயில் வீழ்ந்தார். இறக்கும் தறுவாயில் தம் பெண் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். ரூத் என்று பெயரிடப்பட்ட அக்குழந்தை அம்மையாரின் கையில் வளர்ந்தது. வீட்டிலுள்ள பிள்ளைகள் அன்று கண்ணால் கண்ட மறைக்கல்விப் பாடத்தை எந்த வகுப்பில் நாம் கற்பிக்க இயலும்?

இனி நாம் சொல்ல வருவது வேதனையான பகுதி. 1923-ஆம் ஆண்டு குடும்பம் இங்கிலாந்து சென்றது. பாலுக்கு ஒன்பது வயது. படிப்புக்காகப் பிள்ளைகள் இருவரையும் லண்டனில் பாட்டியாரிடமும் பெரியம்மாக்களிடமும் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினர். தந்தையை மகன் மறுபடி காணவே இல்லை. 1929-ஆம் ஆண்டு ஜூன் மாதம், மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி தம் 44-ஆம் வயதில் இறந்தார். தந்திச் செய்தி முதலில் சென்றது. அதன் பின்னரும் பல நாள்கள், தந்தை உயிரோடிருந்தபோது எழுதிக் கப்பலில் அனுப்பிய கடிதங்கள் மகனுக்கு வந்து கொண்டேயிருந்தன. மலையின் மரங்களையும் பூச்சிகளையும் பற்றி, இறைவனின் நன்மையைப் பற்றி எழுதப்பட்ட கடிதங்கள் அவை.

அந்தப் பிரிவு சரியா தவறா என்று தீர்ப்பிட நாம் முன்வரவில்லை. அதற்கான விலையைத் தாயும் பிள்ளைகளும் கண்ணீரால் செலுத்தினர். நாம் காண்பது ஒன்றே: ஒன்பது ஆண்டுகளில் வீட்டில் விதைத்தது பிரிவிலும் பட்டுப்போகவில்லை. பள்ளிப்படிப்பில் நாட்டமற்றிருந்த பால், முதலில் தந்தையைப் போல் கட்டட வேலை கற்று, பின்னர் மருத்துவம் படித்தார். 1946-ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்வதில் உலகுக்கே வழிகாட்டினார். 2003-ஆம் ஆண்டு அவர் இறந்தபோது, அவரால் கைகள் பெற்றோர் பல நாடுகளிலும் இருந்தனர். அந்தக் கைத்திறனுக்கும் இரக்கத்துக்கும் வித்திட்டது கொல்லிமலையின் அந்த மரவீடு.

அம்மையாரோ கணவர் இறந்த பின் சிறிது காலம் தாயகம் சென்று, மீண்டும் இந்தியா வந்தார். வயது கருதிச் சபை அவரை ஓய்வு பெறச் சொன்னது. 1947-ஆம் ஆண்டு, ஏறத்தாழ 68 வயதில், அவர் ஓராண்டு மட்டும் மலையில் தங்க இசைவு பெற்று வந்தார். ஆண்டு முடிந்ததும் சபைப் பொறுப்பிலிருந்து விலகி, மலையிலேயே தங்கிவிட்டார்! கணவர் கனவு கண்ட மற்ற மலைத் தொடர்களுக்கும் சென்று பணிபுரிந்தார். எலும்பு முறிந்து, இரு மூங்கில் கோல்களை ஊன்றி நடக்கும் நிலையிலும் மட்டக்குதிரையில் ஊர் ஊராகச் சென்றார். நரம்புச் சிலந்தியை ஒழிக்கக் கிணறுகளைச் சீர்படுத்தச் செய்தார். ஒரு காலத்தில் அழகிய உடைகளோடு வாழ்ந்தவர், கடைசி இருபது ஆண்டுகள் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிகூட வைத்துக் கொள்ளவில்லை. 1974-ஆம் ஆண்டு டிசம்பர் 18 அன்று, 95-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். வாழவந்தியில் கணவரின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

அன்பார்ந்த பெற்றோரே! இன்று நம் மலையில் பள்ளிகள் உள்ளன. பள்ளிக்கு அனுப்பாமல் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நாம் ஒருபோதும் சொல்ல மாட்டோம். ஆனால் நம்மில் பலர் மிளகு, காப்பித் தோட்ட வேலைக்கு வெளியூர் செல்கிறோம்; பிள்ளைகளைச் சிறு வயதிலேயே விடுதியில் சேர்க்கிறோம். படிப்பை ஆசிரியரிடமும், செபத்தை உபதேசியாரிடமும், விசுவாசத்தைப் பங்குத் தந்தையிடமும் ஒப்படைத்துவிட்டோம் என்று நிம்மதி அடைகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேர மறைக்கல்வி, வீட்டில் விதைக்காததை முளைக்க வைக்காது. பிராண்ட் அம்மையாருக்கு ஓய்வு நேரம் இருந்ததால் அவர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவில்லை. வேலை நிறைந்த வீட்டில், வேலையின் நடுவிலேயே கற்பித்தார். களை எடுக்கும்போதும், சாமை புடைக்கும்போதும், நோயுற்ற அண்டை வீட்டாருக்குக் கஞ்சி கொண்டுபோகும்போதும் பிள்ளையை உடன் வைத்துக் கொள்ள நமக்கும் இயலும். விடுமுறையில் வீடு வரும் பிள்ளையோடு மாலையில் ஒரு பத்துமணி செபமாலையாவது சொல்ல இயலும். விடுதிக்குக் கடிதம் எழுதவோ, இன்றைய வழக்கப்படி தொலைபேசியில் அழைத்துச் சாப்பிட்டாயா என்பதோடு செபித்தாயா என்று கேட்கவோ இயலும்.

நம் பங்கின் அடுத்த ஐம்பது ஆண்டுகள் ஆலயக் கட்டடத்தைவிட நம் வீடுகளையே சார்ந்துள்ளன. ஓடையில் இறங்கிப் போன மண் திரும்ப வராது என்றார் அந்த மலைத் தாத்தா. பிள்ளைகளின் இளமைக் காலமும் அத்தகையதே. அது நம் வரப்புக்குள் இருக்கும்போதே விதைப்போமாக.