பனிவெளி தந்த பாடம்

ஒரே இடத்தில் திரண்டு நிற்பவர்களையெல்லாம் சமூகவியல் ‘குழு’ என்று கொள்வதில்லை. தம்முள் தொடர்ந்த உறவும், ‘நாம்’ என்னும் உணர்வும், பொதுவான நோக்கமும், அந்நோக்கத்தின்பொருட்டுப் பகிர்ந்துகொண்ட கடமைகளும் உடையோரே சமூகக் குழுவினர் ஆவர். இத்தகைய குழுக்களைத் தாங்கிநிற்கும் கூட்டுறவு, மனிதனுக்குப் பின்னாளில் கற்பிக்கப்பட்ட நற்பண்பா? அன்றி உயிர்களின் இயல்பிலேயே வேரூன்றிய ஒன்றா? இவ்வினாவைப் பல்லாண்டுக் காலம் தம்முடன் சுமந்து திரிந்தவர் ரஷ்யப் புவியியலறிஞர் பீட்டர் குரோபோட்கின்.

அவர் 1842ஆம் ஆண்டு மாஸ்கோவில் இளவரசர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவருடைய தந்தைக்கு மூன்று மாகாணங்களில் நிலங்களும் ஏறத்தாழ 1200 பண்ணையடிமைகளும் இருந்தனர். இஃது ஆண்களை மட்டும் எண்ணிய கணக்கு. பெண்டிரும் சிறாரும் அதில் சேரார். நான்கு வயது நிரம்புமுன் தாயை இழந்த சிறுவனையும் அவன் தமையன் அலெக்சாந்தரையும் அன்புகாட்டி வளர்த்தவர்கள் அவ்வீட்டின் பணியாளர்களே. ஒருநாள் மக்கார் என்னும் பணியாளர், தந்தையின் சினத்துக்கு ஆளாகி நூறு கசையடி பெற்றுத் திரும்பினார். இருண்ட நடைவழியில் காத்திருந்த சிறுவன் அழுதபடியே அவர் கையை முத்தமிட முயன்றான். அவரோ கையை விடுவித்துக்கொண்டு, வளர்ந்தபின் அவனும் அப்படித்தான் இருப்பான் என்று மனம் கசந்தார். ஒருபோதும் மாட்டேன் என்றான் சிறுவன். பன்னிரண்டாம் வயதிலேயே தன் பெயரோடு இளவரசர் பட்டத்தைச் சேர்த்து எழுதுவதை விட்டுவிட்டான்.

அரசவைப் படைப்பள்ளியில் முதல் மாணவராகத் தேறிய குரோபோட்கின், பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரின் அணுக்கப் பணியாளராகவும் விளங்கினார். அவர் விரும்பிய படைப்பிரிவில் சேர்ந்திருக்கலாம். உடன்பயின்றோர் தலைநகரின் காவற்படைகளை நாட, அவர் 1862இல் தொலைதூரச் சைபீரியாவின் அமூர் கொசாக்குப் படையைத் தேர்ந்தெடுத்தார். அங்கே வண்டியிலும் படகிலும் பெரும்பாலும் குதிரையிலுமாக ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 50,000 மைல் பயணம் செய்தார்.

டார்வினின் நூல் வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. ஓரின உயிர்கள் தமக்குள் உணவுக்காகக் கடுமையாகப் போரிடும் காட்சியைக் காண்போம் என்றே குரோபோட்கினும் உடன்சென்ற உயிரியலாளர் பொலியாக்கோவும் எதிர்பார்த்தனர். ஆனால், அவர்கள் கண்டது வேறு. பனிப்புயலும் கடுங்குளிரும் பெருவெள்ளமுமே உயிர்களைக் கொன்று குவித்தன. எஞ்சியவை ஒன்றோடொன்று மோதவில்லை, ஒன்றுகூடின. ஏரிக்கரைகளில் பறவைகள் பெருந்திரளாகக் கூடுகட்டின. கடும்பனியிலிருந்து தப்பப் பரந்த நிலப்பரப்பின் பல திசைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான மான்கள் திரண்டுவந்து, அமூர் ஆறு குறுகியிருந்த இடத்தில் அதனைக் கடந்தன. மனிதரிடமும் அவர் இதனையே கண்டார். அமூர்க் கரையில் குடியேறிய துகோபார் சமயத்தார் நிலத்தையும் உழைப்பையும் பகிர்ந்து செழித்திருந்தனர். தலைநகரில் வகுத்து அனுப்பிய அரசுத் திட்டங்களோ அதே மண்ணில் அடுத்தடுத்துத் தோற்றன. ஆணையிட்டு நடத்தும் வேலைக்கும் உடன்பட்டுச் செய்யும் வேலைக்கும் உள்ள வேறுபாட்டை அவர் நூல்களில் கற்கவில்லை.

1871இல் ரஷ்யப் புவியியல் கழகம் அவரைத் தன் செயலாளராக அழைத்தது. உண்ண உணவற்ற உழவர்க்கு நடுவே அறிவின் இன்பத்தைத் தாம் மட்டும் நுகர்வது தகாது என்று கருதி மறுத்துவிட்டார். மறு ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரா மலைப்பகுதிக்குச் சென்று, தலைவர்க்கும் தொண்டர்க்கும் வேற்றுமையின்றிக் கூடிப்பேசி முடிவெடுத்த கடிகாரத் தொழிலாளர்களைக் கண்டார். அரசு என்னும் அதிகாரமின்றியே மக்கள் தம் குழுக்களால் வாழ்வை நடத்த இயலும் என்னும் அரசின்மைக் கொள்கையராகத் திரும்பினார். உழவர் உடையணிந்து, வேற்றுப் பெயர் பூண்டு, தொழிலாளர் குடியிருப்புகளில் பாடம் நடத்தினார். 1874இல் கைதாகிப் பீட்டர்-பால் கோட்டையில் அடைக்கப்பட்டார். அங்கும் பனியூழி பற்றிய ஆய்வை எழுதிக்கொண்டிருந்தார்.

உடல் நலிந்து, படை மருத்துவமனைச் சிறைக்கு மாற்றப்பட்டபோது வெளியே நண்பர்கள் ஒரு குழுவாயினர். வழி தெளிவாக இருந்தால் சிவப்புப் பலூன் ஒன்று மதிலுக்கு மேல் எழவேண்டும் என்பது ஏற்பாடு. அன்று பார்த்துத் தலைநகரின் சந்தையில் ஒரு சிவப்புப் பலூன்கூடக் கிடைக்கவில்லை! ஒரு குழந்தையிடமிருந்து பெற்ற பழைய பலூன் பறக்க மறுத்தது. பெண்ணொருத்தி அதனைத் தன் குடையின் நுனியில் கட்டி மதிலோரம் நடந்து பார்த்தாள், மதிலோ உயரம். மறுநாள் பெண்ணொருத்தி கொண்டுவந்து கொடுத்த கடிகாரத்துக்குள் மறைமொழியில் புதிய திட்டம் இருந்தது. எதிர்வீட்டுச் சாளரத்தில் ஒருவர் வயலின் வாசித்தார். தெருவில் ஒருவர் செர்ரிப் பழம் தின்பவர்போல் அமர்ந்து, வண்டிகள் வருகின்றனவா என்று பார்த்திருந்தார். வாயிற்காவலனை மற்றொருவர் நுண்ணோக்கியைப் பற்றிய பேச்சில் ஆழ்த்தினார். வயலின் விரைந்தொலித்ததும், குரோபோட்கின் கனத்த பச்சை மேலங்கியை எறிந்துவிட்டு ஓடினார். அதனை இரண்டே அசைவில் கழற்ற அறையில் நாள்தோறும் பழகியிருந்தார். காவலனின் துப்பாக்கிமுனை முதுகைத் தொடும் தொலைவில் வந்தும், வண்டி அவரை ஏற்றிக்கொண்டு பறந்தது. அன்று மாலை, காவலர் எவரும் தேட எண்ணாத இடமாகத் தலைநகரின் சிறந்த உணவகத்துக்குச் சென்று நண்பர்களோடு உணவருந்தினார். இது நிகழ்ந்தது 1876ஆம் ஆண்டுக் கோடையில். சமூகக் குழுவின் இலக்கணத்துக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை அவர் நூல்களிலேயே தேடினாலும் காண்பது அரிது.

அதன்பின் நாற்பதாண்டுகளுக்கு மேல் அயல்நாட்டு வாழ்க்கை. பிரான்சில் மூன்றாண்டுகள் சிறையிலிருந்தபோது, விலங்கியலறிஞர் கெஸ்லரின் உரையொன்றைப் படித்தார். உயிரினப் பெருக்கத்தில் போட்டியைவிட உதவியே பெரும்பங்கு ஆற்றுகிறது என்பது அதன் கருத்து. சைபீரியாவில் தாம் கண்டவற்றுக்கு அஃது ஒரு சொல்லைக் கொடுத்தது. 1888இல் தாமஸ் ஹக்சிலி, இயற்கை வாழ்வைக் களத்தில் பொருதும் மற்போர் வீரர்களின் வாழ்வாகக் காட்டிக் கட்டுரை எழுதினார். அதற்கு மறுமொழியாகக் குரோபோட்கின் எழுதிய கட்டுரைகள் 1902இல் ‘பரஸ்பர உதவி: பரிணாமத்தின் ஒரு காரணி’ என்னும் நூலாயின. போட்டியே இல்லை என்று அவர் சொல்லவில்லை. போட்டியை மட்டுமே காண்பது அரைப்பார்வை என்றார். எறும்பு, தேனீ முதலாக நடுக்காலத் தொழிற்குழுக்கள், ரஷ்யாவின் ‘ஆர்த்தேல்’ என்னும் உழைப்பாளர் கூட்டுகள், இங்கிலாந்துக் கடலோரத்து உயிர்காப்புப் படகினர் வரை அந்நூல் சான்றுகளைத் திரட்டுகிறது. நடுக்கால நகரங்களுக்கு அவர் சற்று மிகையான ஒளி பாய்ச்சிவிட்டார் என்று சொல்ல இடமுண்டு.

1914இல் மூண்ட உலகப்போரில் நேசநாடுகளை ஆதரித்ததால், நெடுநாள் தோழர் பலர் அவரைவிட்டு விலகினர். அவர் வாழ்வில் விளங்கிக்கொள்ள அரிய பகுதி இதுவே. 1917இல் தாயகம் திரும்பியவர், தம்மைத் தேடிவந்த அமைச்சர் பதவியை ஏற்கவில்லை. திமித்ரோவ் என்னும் சிற்றூரில் தங்கி, அறவியல் குறித்து எழுதலானார். 1919இல் லெனினைச் சந்தித்தபோதும் கூட்டுறவுச் சங்கங்களை ஒடுக்கலாகாது என்றே வாதிட்டார். எடுத்த நூல் முடியுமுன் 1921 பிப்ரவரி 8 அன்று மறைந்தார்.

மாஸ்கோவில் நடந்த இறுதி ஊர்வலத்தில் கலந்துகொள்ள, சிறையிலிருந்த அவருடைய கொள்கையினர் எழுவர் வாக்குறுதியின் பேரில் ஒருநாள் விடுவிக்கப்பட்டனர். அவர்கள் தம் ஆசானின் பெட்டியைச் சுமந்தனர், கல்லறையருகே பேசினர். பொழுது சாய்ந்தபின் எழுவரும் சிறைக்குத் திரும்பினர்.